ஒரே மாத்திரை இரு நோய்களைத் தீர்க்குமா?

தோட்டத்து வீடொன்றில் வாழும் ஒரு மாது மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார் என்றும், அதன்பின் மருத்துவர் கொடுத்த சிறு மாத்திரையை நாள்தோறும் தவறாமல் உட்கொண்டு நலமாய் இருந்து வருகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். மூன்றாண்டுகள் சென்றபின் அவருடைய தம்பிக்குப் பெருங்குடலில் புற்றுநோய் கண்டிருப்பதாக மருத்துவமனையில் கூறுகிறார்கள். வீடே கலங்குகிறது. அப்பொழுது அக்காள் தம் மாத்திரை அட்டையை எடுத்து வந்து, "தம்பி, எனக்கு வந்ததும் புற்றுநோய்தான், உனக்கு வந்திருப்பதும் புற்றுநோய்தான். என்னைக் காப்பாற்றிய மருந்து உன்னைக் காப்பாற்றாதா?" என்று கேட்கிறார்.

பாசத்தினால் எழுகின்ற இக்கேள்வியை அறியாமையால் எழுந்தது என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. பெரும் மருத்துவ அறிஞர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டதோடு நில்லாமல் ஆய்வுக்கூடங்களிலும், பின்னர் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடத்திலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடை என்ன, அவ்விடை ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

மரத்தில் பூசும் மருந்து

பால்வெட்டுத் தொழிலில் இருப்போர் எத்திபோன் என்னும் மருந்தை நன்கு அறிவர். வெட்டுப் பட்டையை ஒட்டி அதனைப் பூசினால், பால் விரைவில் உறைந்து நின்றுவிடாமல் நெடுநேரம் வடிகின்றது. இம்மருந்து மரத்தினுள் சென்று எத்திலீன் என்னும் வாயுவாக மாறுகின்றது. எத்திலீன் என்பது செடிகொடிகள் தாமே இயற்கையில் உண்டாக்கிக்கொள்ளும் ஓர் இயக்குநீர், அதாவது ஹார்மோன் ஆகும்.

இதே எத்திபோனை ஜொகூரில் அன்னாசி பயிரிடுவோரும் பயன்படுத்துகின்றனர். ஆனால் அங்கே அது பால் வடியச் செய்வதில்லை. அன்னாசிச் செடிகள் யாவும் ஒரே காலத்தில் பூக்கும்படி செய்கின்றது. வாழைத்தாரை நாடினால் அங்கே அது காயைப் பழுக்க வைக்கின்றது. பொருள் ஒன்று, செயலோ மூன்று. காரணம், ஏவல் கொடுப்பது எத்திலீனாக இருந்தாலும், அவ்வேவலைப் பெற்று என்ன செய்வது என்பதை முடிவு செய்வது அந்தந்தச் செடியின் அந்தந்த உறுப்பே ஆகும். மற்றுமோர் உண்மையையும் வெட்டுத் தொழிலாளர் அறிவர். மிகுதியாகப் பால் கிடைக்கும் என்று எண்ணி அளவுக்குமேல் மருந்து பூசினால் பட்டை வறண்டு, மரம் பால் கொடாமலே போய்விடும்.

இவ்விரண்டையும் மனத்திற் கொண்டால் நாம் கூறவிருப்பதில் பாதி விளங்கிவிட்டது எனலாம்.

மாதரின் உடலில் சுரக்கும் இயக்குநீர்களுள் தலையாயது எஸ்ட்ரோஜன். பூப்பெய்துதல், மாதவிலக்கு, மகப்பேறு ஆகியவற்றிற்கு அடிப்படையாக உள்ளது இதுவே. ஆடவர் உடலிலும் சிறிதளவு உண்டு. இரத்தத்தின் வழியே உடலெங்கும் இது சென்றபோதிலும், எல்லா உயிரணுக்களும் இதற்குச் செவிசாய்ப்பதில்லை. தன்னுள் 'ஏற்பி' என்னும் ஒருவகைப் புரதத்தைக் கொண்டுள்ள உயிரணு மட்டுமே இதன் ஏவலைப் பெறும். ஏற்பியைப் பூட்டு என்றும் எஸ்ட்ரோஜனைச் சாவி என்றும் கொள்ளலாம். சாவி பூட்டில் பொருந்தியதும், உயிரணுவின் கருவினுள் சில வேலைகள் தொடங்கிவிடுகின்றன. வளர்க என்பது அவற்றுள் ஒன்று. சில உயிரணுக்களில் வளராதே என்பதும் உண்டு. இந்த இரண்டாவது சொல்லைத்தான் நெடுங்காலம் எவரும் கவனிக்கவில்லை.

மார்பகத்திற்கு வந்த மாத்திரை

1896ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் ஒரு செய்தியை வெளியிட்டார். முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட ஒரு மாதின் சூலகங்களை அகற்றியபின், மார்பிலிருந்த கட்டி சுருங்கிவிட்டது என்பதே அது. மார்பிலே உள்ள நோய்க்கும் வயிற்றிலே உள்ள சூலகத்திற்கும் என்ன தொடர்பு என்பது அந்நாளில் விளங்கவில்லை. எஸ்ட்ரோஜன் என்னும் பொருளே அப்பொழுது கண்டறியப்பட்டிருக்கவில்லை. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் எல்வுட் ஜென்சன் என்பார், 1950களின் இறுதியில் கதிரியக்கம் ஏற்றிய எஸ்ட்ரோஜனை விலங்குகளுக்குச் செலுத்தி, அது எங்கே சென்று தங்குகிறது என்று பின்தொடர்ந்தார். கருப்பையிலும் அது போன்ற உறுப்புகளிலும் அது பற்றிக்கொண்டு நின்றது. பூட்டு இருக்கிறது என்பது அவ்வாறே தெரிய வந்தது.

பூட்டு இருக்குமானால் அதனை அடைத்துவிடவும் முடியுமன்றோ? அவ்வாறு அடைக்கும் பொருள் ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் கிடைத்தது. ஆனால் வேறொன்றைத் தேடியபோது கிடைத்தது. ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் வால்போல் என்பாரின் குழுவினர் கருத்தடை மாத்திரை ஒன்றை உருவாக்க முயன்றனர். அக்குழுவிலிருந்த டோரா ரிச்சர்ட்சன் என்னும் அம்மையார் 1962இல் உருவாக்கிய ஒரு சேர்மம் எலிகளிடத்தில் கருவைத் தடுத்தது. பெண்களிடத்திலோ அதற்கு மாறாகச் சூல் முட்டை வெளிப்படத் தூண்டியது! கருத்தடைக்கு உதவாத அப்பொருள் மார்பகப் புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டபோது பயன் தந்தது. 1973இல் பிரிட்டனிலும் 1977இல் அமெரிக்காவிலும் அது ஒப்புதல் பெற்றது. நம் கதையின் அக்காள் உட்கொண்ட தமோக்சிபென் என்னும் மாத்திரை இதுவே.

இது வீணான புகழ் பெற்ற மருந்தன்று. ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோயில் ஐந்தாண்டுகள் இதனை உட்கொண்டவர்களிடையே, நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைப் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட அறிஞர் 2011இல் வெளியிட்டனர். ஆனால் ஏற்பி இல்லாத மார்பகப் புற்றுநோயில் இதனால் பயனில்லை என்பதும் அவ்வாய்வுகளிலேயே வெளிப்பட்டது. பூட்டே இல்லாத வீட்டில் பூட்டை அடைத்து என்ன பயன்? ஆகவேதான் வெட்டி எடுத்த கட்டியை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி, ஏற்பி உண்டா இல்லையா என்று பார்த்த பின்னரே மருத்துவர் இம்மாத்திரையை எழுதிக் கொடுக்கிறார். மார்பகப் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள்ளேயே இத்தகைய வேறுபாடு இருக்கிறதென்றால், உறுப்பும் வேறாகும்போது வேறுபாடு எத்துணை பெரிதாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மேலும், தமோக்சிபென் எல்லா உறுப்பிலும் எஸ்ட்ரோஜனைத் தடுப்பதில்லை. மார்பகத்தில் தடுக்கிறது, எலும்பில் எஸ்ட்ரோஜனைப் போலவே நடந்து மாதவிலக்கு நின்ற மாதரின் எலும்பைக் காக்கிறது, கருப்பையிலோ அதன் உட்சுவரைத் தூண்டி வளரச் செய்து, அங்கே புற்றுநோய் தோன்றும் வாய்ப்பைச் சற்று மிகுதியாக்குகிறது. இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் அபாயமும் இதனால் கூடுகிறது. பால்மரமும் அன்னாசியும் வாழையும் போல என்க.

குடலில் உள்ள பூட்டு வேறு

இனிக் குடலுக்கு வருவோம். இரைப்பை, ஈரல், பெருங்குடல் ஆகிய மூன்று உறுப்புகளிலும் புற்றுநோய் மாதரைவிட ஆடவரையே மிகுதியாகப் பற்றுகிறது. உலகக் கணக்கில் இரைப்பைப் புற்றுநோய் ஆடவரிடம் ஏறத்தாழ இரு மடங்கு. ஈரல் புற்றுநோய் அதனினும் மிகுதி. நம் நாட்டிலும் ஆடவரைத் தாக்கும் புற்றுநோய்களுள் முதலிடம் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கே என்று 2012 முதல் 2016 வரையிலான நாட்டுப் பதிவேடு காட்டியது. புகையும் மதுவும் இவ்வேறுபாட்டில் ஒரு பங்கு என்பதில் ஐயமில்லை. எனினும், மாதரின் இயக்குநீரே அவர்களைக் காக்கிறதோ என்ற ஐயமும் அறிஞர்களுக்கு எழுந்தது.

1996இல் இதற்கு ஒரு வெளிச்சம் கிடைத்தது. சுவீடன் நாட்டில் யான்-ஓகே குஸ்தாப்சன் என்பாரின் குழுவினர் எஸ்ட்ரோஜனுக்கு இரண்டாவது ஏற்பி ஒன்று உண்டு என்று கண்டுபிடித்தனர். பழையது ஆல்பா எனவும் புதியது பீட்டா எனவும் பெயர் பெற்றன. மார்பகப் புற்றுநோயை வளர்ப்பது ஆல்பா. நலமான பெருங்குடலின் உட்சுவரில் மிகுந்திருப்பதோ பீட்டா. இந்தப் பீட்டா, வளர்ச்சியைத் தூண்டாமல் அடக்கும் இயல்பினது என்பது பின்னர்ப் புலனாயிற்று. குடலில் கட்டி தோன்றி முற்ற முற்ற பீட்டா குறைந்துகொண்டே போவதைக் கண்டனர். பீட்டா இல்லாமல் பிறக்கச் செய்த எலிகளுக்குக் குடற்கட்டிகள் மிகுதியாக உண்டாயின. பீட்டாவை இழந்த குடற்புற்று உயிரணுக்களில் அதனைத் திரும்பப் புகுத்தியபோது அவற்றின் வளர்ச்சி தளர்ந்தது.

இங்கே சற்று நிற்க வேண்டும். மார்பகத்தில் நாம் செய்ய வேண்டியது பூட்டை அடைப்பது. பெருங்குடலிலோ, இந்த ஆய்வுகள் சரியான வழியைக் காட்டுமானால், செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது. அதாவது காவலிருக்கும் பூட்டைத் தூண்டுவது. தம்பியின் கையில் அக்காள் கொடுக்க எண்ணும் மாத்திரையோ அடைப்பதற்கென்று எழுதிக் கொடுக்கப்பட்டது.

அப்படியானால், தமோக்சிபென் இட்டபோது இரைப்பைப் புற்று உயிரணுக்களும் குடற்புற்று உயிரணுக்களும் ஆய்வுக்கூடத்தில் வளர்ச்சி குன்றின என்ற செய்திகளும் வந்தனவே, அவை பொய்யா என்று கேட்கலாம். பொய்யல்ல. ஆனால் எவ்வாறு செய்யப்பட்டவை என்று அறிய வேண்டும். தட்டையான சிறு தட்டில் சத்துநீர் ஊற்றி, அதில் புற்று உயிரணுக்களை வளர்த்து, மருந்தை இட்டுச் சில நாள் கழித்து எண்ணிப் பார்க்கிறார்கள். அவற்றுட் பலவற்றில் இட்ட அளவு, மாத்திரை உண்பவரின் இரத்தத்தில் காணும் அளவைப் போலப் பல மடங்கு ஆகும். அத்துணை மிகுந்த அளவில் ஏற்பியே இல்லாத உயிரணுக்களும் மடிகின்றன. பால் உறைய ஆலையில் ஊற்றும் பார்மிக் அமிலத்தைக் கணக்கோடு கலந்தால் நல்ல ரப்பர் கிடைக்கும். கலக்காமல் அப்படியே கொட்டினால் பட்ட இடமெல்லாம் வெந்துபோகும். வெந்தது என்பதனால் அதனை மருந்தென்று கூறுவார் உளரோ? தட்டில் உயிரணு மடிந்தது என்ற செய்தி ஆய்வைத் தொடர்வதற்கு ஒரு காரணமாகலாமே அன்றி, மருந்து உண்பதற்குக் காரணமாகாது.

நோயாளிகளிடம் சோதித்தபோது

தட்டில் கண்டதை மனிதரிடம் கண்டால்தான் மருத்துவம். இரைப்பைப் புற்றுநோயாளிகளுக்குத் தமோக்சிபென் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றின் முடிவு 1989இல் வெளிவந்தது. பயன் இல்லை. ஈரல் புற்றுநோயில் முதலில் செய்த சில சிறு ஆய்வுகள் நம்பிக்கை அளித்தன. அதனை உறுதி செய்ய இத்தாலியில் 496 நோயாளிகளைக் கொண்டு பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 1998இல் வெளியான அதன் முடிவும் பயன் இல்லை என்பதே.

அளவு போதவில்லை போலும் என்று சிலர் எண்ணினர். ஈரல் புற்றுநோய் ஆசியாவில் மிகுதி ஆதலின், சிங்கப்பூர் மருத்துவர்களின் தலைமையில் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் 9 நாடுகளைச் சேர்ந்த 329 நோயாளிகள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அறுவைச் சிகிச்சைக்கு இடமில்லாத நிலையில் இருந்தவர்கள் அவர்கள். மார்பகத்திற்கு வழக்கமாகக் கொடுப்பது நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். இங்கே ஒரு பிரிவினருக்கு 60 மில்லிகிராமும், மற்றொரு பிரிவினருக்கு 120 மில்லிகிராமும், மூன்றாம் பிரிவினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். எவருக்கு எது என்பது முடியும்வரை மறைக்கப்பட்டிருந்தது. 2002இல் முடிவு வெளியாயிற்று. மூன்று மாதம் கழித்து உயிருடன் இருந்தோர், வெறும் மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 44 பேர். 60 மில்லிகிராம் உண்டவர்களில் 41 பேர். 120 மில்லிகிராம் உண்டவர்களில் 35 பேர்.

இந்த எண்களை இன்னொரு முறை படிக்குமாறு வேண்டுகிறோம். மருந்து கூடக் கூட உயிர் பிழைத்தவர் குறைந்தனர். நம்பிக்கையோடு தங்களை ஒப்படைத்த அந்நோயாளிகளுக்கு நாம் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். அவர்கள் இல்லையேல், இம்மருந்து இன்றும் எத்தனையோ ஈரல் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு வந்திருக்கக் கூடும்.

இதற்கு எதிர்ப்புறமான கேள்வியும் உண்டு. பூட்டை அடைப்பது உதவவில்லை. சாவியையே கொடுத்தால் என்ன? இதற்கும் விடை இருக்கிறது. அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற 16,608 மாதரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில், ஒரு பாதியினருக்கு எஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்னும் மற்றோர் இயக்குநீரும் சேர்ந்த மாத்திரையும், மறுபாதியினருக்கு வெறும் மாத்திரையும் தரப்பட்டன. மருந்து உண்டவர்களில் 43 பேருக்கும் உண்ணாதவர்களில் 72 பேருக்கும் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் கண்டது என்று 2004இல் அறிவித்தார்கள். பார்த்த மாத்திரத்தில் மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால் மருந்து உண்டவர்களுக்கு வந்த நோய், கண்டுபிடிக்கும்போதே நிணநீர்க் கணுக்களுக்குப் பரவி, முற்றிய நிலையில் இருந்தது. பிற்பாடு 2012இல் வெளியான தொடர் கணக்கிலும் இந்நோயால் இறந்தோர் தொகை குறையவில்லை. எஸ்ட்ரோஜனை மட்டும் தனியே கொடுத்த மற்றோர் ஆய்வில் குடற்புற்று குறையவே இல்லை. இவற்றிற்கெல்லாம் முன்னதாக 2002ஆம் ஆண்டிலேயே, மார்பகப் புற்றுநோயும் வேறு தீங்குகளும் கூடுவது கண்டு, இரு இயக்குநீர் சேர்ந்த மாத்திரை ஆய்வு நிறுத்தப்பட்டிருந்தது. குடலைக் காக்கப் போய் மார்பகத்தை இழப்பது நல்ல வாணிகமன்று.

பீட்டாவை மட்டும் தேர்ந்து தூண்டும் சேர்மங்களைத் தேடும் வேலை ஆய்வுக்கூடங்களில் நடந்து வருகிறது. அது வீண் முயற்சி என்று நாம் கூறவில்லை. ஆனால் இரைப்பை, ஈரல், குடல் ஆகியவற்றின் புற்றுநோய்க்கு எஸ்ட்ரோஜன் ஏற்பியைக் குறிவைக்கும் எந்த மருந்தும் நிலைபெற்ற சிகிச்சையாக இதுவரை ஏற்கப்படவில்லை.

கடைச் சரக்கு

சோயா மொச்சையிலும் ஆளி விதையிலும் எஸ்ட்ரோஜனைச் சிறிதளவு ஒத்த பொருள்கள் உள்ளன. அவற்றுட் சில பீட்டாவுடன் பொருந்துகின்றன. இத்தாலியில் 60 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில் இத்தகைய தாவரப் பொருள்களை உண்டவர்களிடத்தில், குடல் உட்சுவரில் பீட்டா கூடியதாக 2013இல் எழுதினார்கள். புற்றுநோய் குறைந்ததா என்பதை அச்சிறிய ஆய்வு பார்க்கவில்லை. உணவாக உண்ணும் தவ்வும் தெம்பேயும் நல்ல உணவுகளே, உண்ணலாம். ஆனால் அவற்றின் சாரம் என்று புட்டியில் அடைத்து, புற்றைக் கரைக்கும் என்று கூறி, வார இறுதியில் தோட்டத்து வாசலுக்கு வண்டியில் கொண்டுவந்து விற்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மாதருக்கென்று விற்கப்படும் காசிப் பாத்திமா வேர்ச் சரக்கிற்கும் எஸ்ட்ரோஜனை ஒத்த இயல்பு உண்டென ஆய்வுகள் கூறுவதால், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் மருத்துவரிடம் கேளாமல் அதனை உட்கொள்ளலாகாது.

தம்பிக்கு உதவுவது

நம் கதையின் வீட்டிற்குத் திரும்புவோம். அக்காள் தம் மாத்திரையில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்தால் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. நாள்தோறும் ஐந்தாண்டு, சிலருக்குப் பத்தாண்டு உட்கொள்ள வேண்டிய மருந்து அவருக்குக் குறைந்துபோகிறது. புற்றுநோயால் ஏற்கெனவே இரத்தம் உறையும் அபாயத்தில் இருக்கும் தம்பிக்கோ, பயன் ஏதுமின்றி அவ்வபாயம் இன்னும் கூடுகிறது. இதனைவிடக் கொடியது, இம்மாத்திரை வேலை செய்கிறதா பார்ப்போம் என்று அறுவைச் சிகிச்சையை இரண்டு மாதம் தள்ளிப் போடுவது.

பெருங்குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை காலமே பெரிது. 2007 முதல் 2011 வரை நம் நாட்டில் இந்நோய் கண்டவர்களைப் பின்தொடர்ந்த கணக்கில், முதல் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ நால்வரில் மூவர் ஐந்தாண்டு கடந்தும் உயிர் வாழ்ந்தனர். நான்காம் நிலையில் வந்தவர்களுள் அறுவரில் ஒருவரே அவ்வாறு வாழ்ந்தார். தொடக்க நிலையில் அறுவைச் சிகிச்சை ஒன்றே பலருக்குப் போதுமானதாகிறது. முற்றிய நிலையில் வேதியியல் மருந்துகளும் வேண்டியிருக்கும்.

தொடக்கத்தில் இந்நோய்க்கு வலி இராது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் கலந்திருக்கும். அதனைக் காட்டும் எளிய பரிசோதனை 2014 முதல் அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் 50 வயதைக் கடந்தவர்களுக்குச் செய்யப்பட்டு வருகிறது. அங்கே கொடுக்கும் சிறு குழலில் வீட்டிலேயே சிறிதளவு மலத்தை எடுத்துத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். ஊசியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. வெட்கத்தினாலோ, அருவருப்பினாலோ இதனைத் தவிர்ப்போர் பலர். நாள்தோறும் ஓட்டுப்பாலின் நாற்றத்தில் உழைப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டா என்று கேட்கத் தோன்றுகிறது. இரத்தம் உண்டென்று தெரிந்தால் மருத்துவமனைக்கு அனுப்பிக் குடலின் உட்புறத்தைக் குழாய் செலுத்திப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் போதல், சில வாரங்களாக மலப் போக்கு மாறியிருத்தல், காரணமின்றி உடல் மெலிதல், வெளிறிச் சோர்தல் ஆகியவை இருந்தால் வயது 50 ஆகும்வரை காத்திருக்கலாகாது. மூலம்தான் என்று தாமே முடிவு செய்துகொண்டு களிம்பு வாங்கிப் பூசி, ஓராண்டை இழந்துவிட்டு வருவோர் உண்டு.

உடன்பிறந்தவருக்குக் குடற்புற்று கண்டால், மற்ற உடன்பிறந்தவர்களுக்கும் அது வரும் வாய்ப்பு பொதுவானவர்களைவிடக் கூடுதல் ஆகும். எனவே அடுத்த முறை மார்பகச் சிகிச்சைக்காக மருத்துவரைக் காணச் செல்லும்போது, "என் தம்பிக்குப் பெருங்குடலில் புற்றுநோய் கண்டிருக்கிறது, இன்ன வயதில் கண்டது" என்று அக்காள் மறவாமல் சொல்ல வேண்டும். அவருடைய குடலை எப்பொழுது, எந்த முறையில் பரிசோதிப்பது என்பதை மருத்துவர் அதைக் கொண்டே முடிவு செய்வார்.